ஃபயர்வாலை அணைப்பது பிரிண்டருக்கு வைத்தியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு வாசகரின் கேள்விக்கு வெளியான பதிலைப் பற்றி எழுதுகிறேன். கீழ்த்தளத்துக் கணினியில் யுஎஸ்பி கேபிளில் பிரிண்டர் இருக்கிறது. மாடியில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாக அச்சடிக்க முடியவில்லை, ஷேர் செய்த ஃபோல்டரும் திறக்கவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். வெளியிலிருந்து கணினிக்குள் வருவதைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலை அணையுங்கள், பாஸ்வேர்ட் கேட்கும் ஷேரிங்கை நிறுத்துங்கள், அதற்கும் மசியாவிட்டால் கணினிகள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி 1 என்ற பழைய வசதியை இயக்குங்கள் என்று பதில் வந்திருந்தது. படித்ததும் எனக்குப் பகீரென்றது. இதே மூன்று யோசனைகளும் வீடியோக்களிலும் உலவுகின்றன. அங்கே வந்தால் போகிறது என்று விட்டுவிடலாம். பத்திரிகையில் வந்ததை எங்கள் ஊரில் வெட்டி வைத்துக்கொண்டு அப்படியே செய்கிறவர்கள் உண்டு.

நான் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதித் தாக்கல் செய்கிறவள். என் மேஜைக் கணினியில் இருப்பவை என் ஃபைல்கள் மட்டுமல்ல. மளிகைக் கடைக்காரரின் பேங்க் ஸ்டேட்மென்ட், பாத்திரக் கடைக்காரரின் பான் கார்டு நகல், இரும்புக் கடையின் கொள்முதல் பில்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பாஸ்வேர்ட் ஷேரிங்கை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் என்று ஃபோல்டரைத் திறந்து வைத்தால், எங்கள் வைஃபையில் இருக்கும் எவரும் அவற்றைப் பார்க்கலாம். எங்கள் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள்? கொப்புடையம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்து போன உறவுக்காரப் பிள்ளைகள், பக்கத்துப் போர்ஷன் பையன், கேமரா மாட்ட வந்தவர். யாரிடமெல்லாம் பாஸ்வேர்ட் கொடுத்தோம் என்று எந்த வீட்டிலும் கணக்கு வைப்பதில்லை.

எஸ்எம்பி 1 விஷயம் இதைவிட மோசம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது பலருக்கு நினைவிருக்கும். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும் நிலை வந்தது. அந்த வைரஸ் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவிய வழியே எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டைதான். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் நிறுவும்போது எஸ்எம்பி 1-ஐ முழுதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பி கணினியோ, அந்தக் காலத்து நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க்கோ வீட்டில் இருந்தால் ஒழிய அது தேவையே இல்லை. விண்டோஸ் 10-உம் 11-உம் தங்களுக்குள் பேசிக்கொள்வது அதற்குப் பின் வந்த 2, 3 என்ற பதிப்புகளில். அந்த வாசகரிடம் இருப்பதும் விண்டோஸ் 10, 11 கணினிகள்தான் என்று கேள்வியிலேயே இருந்தது. அப்புறம் எதற்கு அது?

சரி, பிரிண்டர் ஓடாததற்குக் காரணம் என்ன? நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பிரிண்டரில் கோளாறே இருப்பதில்லை. இரண்டு கணினிகளும் ஒரே நெட்வொர்க்கில் இல்லை என்பதுதான் விஷயம். வெளிப்பார்வைக்கு ஒரே வைஃபை மாதிரித் தெரியும், இரண்டிலும் இன்டர்நெட் வரும், வாட்ஸ்அப் வரும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

எங்கள் வீட்டைச் சொல்கிறேன். பழைய செட்டிநாட்டு வீட்டின் ஒரு பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். முகப்பில் ஃபைபர் பெட்டி, அதை அடுத்த அறையில் என் கணினியும் லேசர் பிரிண்டரும். வளவைத் தாண்டிப் பின்கட்டில்தான் மகள் படிக்கிறாள், என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து வினாத்தாள் தயார் செய்கிறார். இந்தச் சுவர்களின் கனத்துக்கு முகப்பு வைஃபை பின்கட்டுக்குப் போய்ச் சேராது. அதனால் பிராட்பேண்ட் நிறுவனத்திலிருந்து வந்த தம்பி ஒரு கேபிளைப் பின்கட்டு வரை இழுத்து, அங்கே இன்னொரு ரூட்டரை மாட்டிவிட்டுப் போனார். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட். அழகாகத்தான் இருந்தது. அன்று முதல் மகளின் லேப்டாப்பில் நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்தால் என் கணினி கண்ணிலேயே படவில்லை. போன் போட்டுக் கேட்டதற்கு, "மேடம், உங்க பிரிண்டர் பழசு. வைஃபை பிரிண்டர் ஒண்ணு வாங்கிடுங்க" என்று பதில் வந்தது. வாங்கியிருந்தால் அதுவும் இதே தொல்லையைத்தான் கொடுத்திருக்கும்.

நடந்தது இதுதான். முகப்புப் பெட்டி தன்னோடு இணையும் கருவிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது. பின்கட்டு ரூட்டரும் தானே ஒரு தலைமைப் பெட்டி என்று நினைத்துக்கொண்டு 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைத் தனியாகக் கொடுக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நெட்வொர்க். நெட்வொர்க்கில் யார் இருக்கிறீர்கள் என்று ஒரு கணினி போடும் குரல் ரூட்டரைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது.

இதில் ஆளைக் குழப்பும் இன்னொரு சங்கதி உண்டு. பின்கட்டிலிருந்து என் கணினியின் முகவரி எண்ணைத் தட்டிக் கூப்பிட்டால் கிடைத்துவிடும். முகப்பிலிருந்து பின்கட்டு லேப்டாப்பை எப்படிக் கூப்பிட்டாலும் கிடைக்காது. உள்ளேயிருக்கும் ரூட்டர் வெளியே போகும் அழைப்பை விடும், வெளியிலிருந்து வருவதை மறிக்கும். "இங்கேயிருந்து திறக்குது, அங்கேயிருந்து திறக்கல" என்று யாராவது சொன்னால் ஃபயர்வாலின் மேல் பழியைப் போடுவதற்கு முன் வீட்டில் எத்தனை ரூட்டர் என்று கேளுங்கள்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. இரண்டு கணினிகளிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். முதல் மூன்று எண்களும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வீடுகளில் வழக்கமாக அப்படித்தான் இருக்கும். மூன்றாவது எண் ஒன்றில் 1, மற்றதில் 0 என்றால் கோளாறு அங்கேதான். 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள், அதை முதலில் பார்க்க வேண்டும்.

இதற்குச் செய்ய வேண்டியது, இரண்டாவது ரூட்டரை, தனியாக முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுவது. இப்போது வரும் ரூட்டர்கள் பலவற்றின் செட்டிங்ஸில் அது ஒரே பொத்தான். பழைய ரூட்டரில் அந்த வசதி இல்லையென்றால், முதலில் அதற்கு முகப்புப் பெட்டியின் வரிசையில் ஒரு முகவரி கொடுக்க வேண்டும். அது வேறு எந்தக் கருவிக்கும் போகாத எண்ணாக இருக்கட்டும். அப்புறம் அதில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி என்பதை நிறுத்திவிட்டு, வேன் (WAN) என்று எழுதிய துளையில் இருக்கும் கேபிளைப் பிடுங்கி லேன் (LAN) துளையில் சொருக வேண்டும். இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். கேபிளை முதலில் மாற்றிவிட்டால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுத்து, வீடு முழுக்க இன்டர்நெட் தடுமாறும்.

இரண்டாவது ரூட்டர் இல்லாத வீட்டிலும் இதே கதை வேறு வேஷத்தில் வரும். கெஸ்ட் என்ற பெயரில் ஒரு வைஃபை இருக்கும், யாரோ லேப்டாப்பை அதில் இணைத்திருப்பார்கள். கெஸ்ட் நெட்வொர்க்கின் வேலையே அதில் சேர்ந்தவர்களை வீட்டின் மற்றக் கருவிகளிலிருந்து பிரித்து வைப்பது. சில ரூட்டர்களில் ஏபி ஐசொலேஷன் என்று ஒரு தேர்வு உண்டு, அது இயக்கத்தில் இருந்தால் சாதாரண வைஃபையிலும் கருவிகள் ஒன்றின் கண்ணில் ஒன்று படாது. ஆனால், "லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கு, பிரிண்டர் 2.4-ல் இருக்கு, அதான் தெரியல" என்று கடைகளில் சொல்வது பெரும்பாலும் தப்பு. மலிவான வைஃபை பிரிண்டர்கள் பல 2.4-இல் மட்டும்தான் சேரும் என்பது உண்மை. ஆனால் ஒரே ரூட்டரின் இரண்டு அலைவரிசைகளும் வழக்கமாக ஒரே நெட்வொர்க்தான். பிரிண்டரை முதல்முறை வைஃபையில் சேர்க்கும்போது மட்டும் போனை 2.4-இல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

நெட்வொர்க் ஒன்றுதான் என்று உறுதியான பிறகு ஃபயர்வாலைப் பற்றிப் பேசலாம். புதிய வைஃபையில் சேரும்போது விண்டோஸ் அதைப் பப்ளிக் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டு வைஃபைக்கு அது சரி. பப்ளிக்கில் இருக்கும்போது உங்கள் கணினி மற்றவர் கண்ணில் படாது, ஷேரிங்கும் நடக்காது. ரூட்டரை மாற்றியதும் நேற்று வரை ஓடிய ஷேரிங் நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் இதுதான், பெயரும் பாஸ்வேர்டும் அதே என்றாலும் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க்காகத் தெரியலாம். செட்டிங்ஸில் அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ப்ரைவேட் என்பதைத் தேர்வு செய்யுங்கள். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில், ப்ரைவேட் என்ற தலைப்பின் கீழ் மட்டும், நெட்வொர்க் டிஸ்கவரியையும் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கையும் இயக்குங்கள். ஷேரிங்குக்கு வேண்டிய வழியை விண்டோஸ் ஃபயர்வால் தானே திறந்துவிடும், மற்றதெல்லாம் மூடியே இருக்கும். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்கும் தனி ஃபயர்வால் இருக்கும், அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான், எதையும் அணைக்கத் தேவையில்லை.

அடுத்தது பாஸ்வேர்ட். இதில்தான் எல்லாரும் சலித்துப்போய் வீடியோவைப் பார்க்கப் போகிறார்கள். மகளின் லேப்டாப்பில் என் கணினியைச் சொடுக்கினால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். நான் தினமும் காலையில் கணினியைத் திறக்கத் தட்டுவது நான்கு இலக்க பின் நம்பர். அதையே அங்கே தட்டினால் தவறு என்று வரும். எத்தனை முறை தட்டினாலும் அப்படித்தான் வரும், ஏனென்றால் பின் என்பது அந்த ஒரு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பாஸ்வேர்ட் மறந்தே போயிருக்கும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால் அதுவும் உதவாது, வெற்றுப் பாஸ்வேர்டோடு நெட்வொர்க் வழியாக வருகிறவரை விண்டோஸ் உள்ளே விடாது.

நான் செய்தது, என் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஓர் உள்ளூர் கணக்கைப் புதிதாக உருவாக்கி, அதற்கு ஒரு நல்ல பாஸ்வேர்ட் வைத்தேன். அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் கொடுக்கவில்லை. பொது என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதை மட்டும் இந்தக் கணக்குக்கு ஷேர் செய்தேன். பிரிண்டரையும் ஷேர் செய்தேன். கடைக்காரர்களின் கணக்குகள் இருக்கும் ஃபோல்டர் இந்த ஷேரிங்கில் எங்கும் வராது. மகளின் லேப்டாப்பில் கேட்கும்போது, என் கணினியின் பெயரைப் போட்டு, பின்சாய்வுக்கோடு ஒன்று போட்டு, அந்தப் புதுக் கணக்கின் பெயரைத் தட்ட வேண்டும். நினைவில் வைத்துக்கொள் என்ற கட்டத்தில் டிக் போட்டால் அப்புறம் கேட்காது.

பாஸ்வேர்ட் ஷேரிங்கை நிறுத்தச் சொன்ன யோசனை பாதுகாப்பில்லாதது மட்டுமல்ல, இப்போது பல கணினிகளில் அது வேலைக்கும் ஆகாது. விண்டோஸ் 11 புரோ 24எச்2 பதிப்பில், பாஸ்வேர்ட் இல்லாமல் விருந்தாளியாக நுழைவதை விண்டோஸே தடுத்து வைத்திருக்கிறது. 2024-க்குப் பிறகு வாங்கிய லேப்டாப்பில் புரோ இருந்தால், பழைய வீடியோவில் சொன்னபடி செய்து பார்த்துவிட்டு மேலும் குழம்புவதுதான் மிச்சம்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். பிரிண்டர் இணைந்திருக்கும் கணினி தூங்கிவிட்டால் பிரிண்டரும் யாருக்கும் கிடையாது. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நிறுத்தி வையுங்கள், திரை அணைந்தால் பரவாயில்லை. நெட்வொர்க் பட்டியலில் கணினி தெரியாவிட்டாலும் பதற வேண்டாம், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டுக் கணினியின் பெயரையோ எண்ணையோ தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். ஷேர் செய்த பிரிண்டரைச் சேர்க்கும்போது 11பி என்று முடியும் பிழை எண் வருகிறதா? அது 2021-இல் விண்டோஸின் அச்சிடும் வசதியில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கப்போய் வந்த வினை. அச்சடிக்க இரண்டு கணினிகளும் பேசிக்கொள்வதற்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், ஒன்றில் மட்டும் அப்டேட் இருந்தால் மற்றது முரண்டு பிடித்தது. அதற்கும் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியை மாற்று, அப்டேட்டை நீக்கு என்றுதான் வீடியோவில் சொல்கிறார்கள். முதலில் இரண்டையும் முழுதாக அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், இரண்டில் பழைய கணினியை எப்படியும் கவனித்தாக வேண்டும்.

வைஃபை பிரிண்டர் வாங்கினால் இதெல்லாம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு மதுரையில் இருக்கும் என் தங்கை வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் வரும். சாயங்காலம் கரண்ட் வந்ததும் பிரிண்டர் ஆஃப்லைன் என்று நிற்கும். ரூட்டர் புதிதாக எழுந்து பிரிண்டருக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிடுகிறது, லேப்டாப் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கிறது. அவள் ஒவ்வொரு முறையும் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தாள். ரூட்டர் செட்டிங்ஸில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பகுதியில் அந்தப் பிரிண்டருக்கு நிரந்தரமாக ஓர் எண்ணை ஒதுக்கி, லேப்டாப்பில் டிசிபி/ஐபி போர்ட் என்று அந்த எண்ணிலேயே பிரிண்டரைச் சேர்த்தோம். அப்புறம் தொல்லை இல்லை. வைஃபை பிரிண்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போனிலிருந்து அச்சடிக்க வேண்டும், இன்னொரு கணினியை இயக்கி வைக்கக்கூடாது என்பவர்களுக்கு அதுதான் நல்லது. எனக்கு மாதத்தில் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்தாக வேண்டும், அந்த வாரம் முழுக்க அச்சடித்துத் தள்ளுவேன். டோனர் நிரப்பினால் ஓடுகிற என் பழைய லேசர் பிரிண்டரைத் தூக்கிப்போட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பிராட்பேண்ட் இணைப்பு கொடுக்க வரும் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊழியர்களைக் குறை சொல்லவில்லை, ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்கள் என்பது தெரியும். இரண்டாவது ரூட்டர் மாட்டும்போது ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், அதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். ரூட்டர் செட்டிங்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்டையும் வீட்டில் இருப்பவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதை வாங்குவதற்குத்தான் அதிகம் அலைய வேண்டியிருந்தது.

உங்களிடம் கேட்பது, அடுத்த வாரப் பக்கத்தில் அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம். ஏற்கெனவே அதைப் படித்துச் செய்துவிட்டவர்களுக்கு, திரும்பச் சரிசெய்யும் வழியையும் சேர்த்துப் போடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வாலை மூன்று வகை நெட்வொர்க்குக்கும் மறுபடி இயக்க வேண்டும். அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பாஸ்வேர்ட் பாதுகாப்பை மறுபடி இயக்க வேண்டும். ஷேர் செய்த ஃபோல்டர்களில் எவ்ரிஒன் என்ற பெயரை நீக்க வேண்டும். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் என்று தேடினால் வரும் பட்டியலில் எஸ்எம்பி 1.0 என்பதற்கு நேரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.